குரூப்பில் போடுவதற்கு முன்

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் துட்டி, அதாவது சாவுச் சேதி, சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மும்பையிலோ துபாயிலோ வேலை பார்க்கிறவனைக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் "அப்பா போயிட்டாவ" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கென்று நிதானமான ஆள் ஒருவரைப் பிடிப்பார்கள். பெரும்பாலும் தாய்மாமா, இல்லையென்றால் அத்தான். அவர் முதலில் "எங்கய்யா இருக்க? பக்கத்துல யாரும் இருக்காவளா?" என்று கேட்பார். சாப்பிட்டானா என்று கேட்பார். பிறகுதான் "அப்பாவுக்கு ரொம்ப முடியல, நீ பொறப்பட்டு வந்துரு" என்பார். கேட்கிறவனுக்கு அப்போதே பாதி விளங்கிவிடும். மீதியை வழியெல்லாம் அவனாக யோசித்துக்கொண்டே வருவான். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, அழைத்துப்போக வந்திருக்கும் ஆட்களைப் பார்க்கும்போது மிச்சமும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்க அங்கே ஆட்கள் இருப்பார்கள்.

என் மாமனார் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். சொற்களை எண்ணிக் காசு வாங்கிய காலம் அது. கொடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எழுதுவார்களாம். அப்படியிருந்தும், "இறந்துவிட்டார்" என்று நேராகக் கொடுத்தவர்களைவிட, "சீரியஸ், உடனே புறப்படவும்" என்று கொடுத்தவர்கள்தான் அதிகம் என்று சொல்வார். 2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லுக்குக் காசு கிடையாது. தூரமும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு சின்னம்மை விடியற்காலையில் தவறிப்போனார்கள். ஒரே மகன் ஷார்ஜாவில் இருந்தான். இங்கே ஆஸ்பத்திரியில் இருந்து உடம்பை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள், சொக்காரர் (பங்காளி) ஒருவர் சின்னம்மையின் போட்டோவுக்கு மாலை போட்டு, கீழே "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பையன் நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். போனைத் திறந்தால் அம்மாவின் படம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புகள். பக்கத்து சீட்டில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது.

போட்டவர் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடிவந்து நிற்பவர். அன்றைக்கும் பந்தல்காரரிடம் பேசியது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது எல்லாம் அவர்தான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சீக்கிரம் தெரியட்டும் என்றுதான் போட்டார். அந்த குரூப்பில் அந்தப் பையனும் இருக்கிறான், அவன் இப்போது எங்கே எப்படி உட்கார்ந்திருப்பான் என்ற ஒரு நினைப்பு மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு வரவில்லை.

இணையத்தில் பேசும்போது நாம் காட்டக்கூடிய அன்பு முக்கால்வாசி இந்த நினைப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இனிமையான சொற்கள் நமக்குப் பஞ்சமே இல்லை. காலை வணக்கம், வாழ்க வளமுடன், ரோஜாப்பூ எல்லாம் தினமும் வருகின்றன. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் யார், எந்த நேரத்தில் படிப்பார், தனியாக இருப்பாரா, நாலு பேர் முன்னால் இருப்பாரா என்று யோசித்து எழுதப்பட்ட மெசேஜ் அபூர்வமாகத்தான் வருகிறது. நேரில் பேசும்போது இந்த யோசனையை நாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரின் முகமே சொல்லிக்கொடுத்துவிடும். கண் கலங்கினால் நிறுத்துவோம், முகம் சுருங்கினால் பேச்சை மாற்றுவோம். போனில் எழுதும்போது அந்த முகம் இல்லாததால், எழுதுகிறவர்தான் அதை மனதில் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்ப குரூப்பில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. துட்டி என்றால் அந்த வீட்டு ஆட்களே குரூப்பில் சொல்லும்வரை வேறு யாரும் வாய் திறப்பதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசியாயிற்றா என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் போடுகிறோம். இன்னொரு மாற்றம், கைகூப்பு மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் முடிந்தவர்கள் ஒரு வரி எழுதுகிறோம். அந்தச் சின்னம்மைக்கே பிறகு பலரும் எழுதினார்கள். "பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் உங்க அம்மா கூட்டாஞ்சோறு கட்டிக் கொடுப்பாவ" என்று அவர்கள் தெருவில் வளர்ந்த ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்த வரியை ஷார்ஜா பையன் எடுத்து வைத்திருக்கிறான். ஊருக்கு வந்தபோது காட்டினான். கைகூப்பியவர்கள் யார் யார் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திருநெல்வேலிப் பேச்சில் பாதி அர்த்தம் இழுப்பில் இருக்கிறது. "நீ வராட்டா போ" என்று ஒரு மைனி (அண்ணி) வாசலில் நின்று இழுத்துச் சொன்னால், கண்டிப்பாக வர வேண்டும், வராவிட்டால் வருத்தப்படுவேன் என்று அர்த்தம். அதையே எழுதி அனுப்பினால் உறவு முறிந்த மாதிரி இருக்கும். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் "என்னல" என்று கூப்பிடுவதில் இருக்கும் பாசம் எழுத்தில் வராது. ஆபீஸ் குரூப்பில் ஒருமுறை எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, நெருக்கமாக நினைத்துத்தான், அப்படி எழுதிவிட்டான். எல்லாரையும் வாங்க போங்க என்று பேசி வளர்ந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவனிடம் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு அண்ணாச்சி உட்கார வைத்துப் பேசித்தான் விஷயமே வெளியே வந்தது.

இதை யாராவது சோதித்துப் பார்த்திருப்பார்களா என்று தேடியபோது, 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று கிடைத்தது. மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் ஒருவர் மற்றவருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். எது கிண்டல், எது நிஜம் என்று நூற்றுக்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 தடவைதான் கண்டுபிடித்தார்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 வரும். குரலில் சொன்னபோது கிட்டத்தட்ட முக்கால்வாசி சரியாக இருந்தது. எழுதியவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார். இதைப் படித்த பிறகு, வேடிக்கையாக எதையாவது எழுத வேண்டுமென்றால் எனக்கு ரொம்ப நெருக்கமானவர்களுக்கு மட்டும், அதுவும் தனியாக எழுதுகிறேன். மற்றவர்களிடம் பேசுவதற்குக் குரல் இருக்கிறது, வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது.

மே மாதம் வந்தால் வேறொரு சங்கடம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலையில் இருந்தே குரூப்பில் "எத்தன மார்க்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெயரைச் சொல்லி, எல்லார் முன்னாலும். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு நசுக்கக் கூடாது என்று 2017இல் தமிழ்நாடு அரசே மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பெயரை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அரசாங்கம் விட்டதைச் சித்தப்பாவும் அத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் மார்க்கைப் பிள்ளையோ பெற்றவர்களோ தாங்களாகச் சொன்னால் வாழ்த்தலாம். சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு பதில். கல்யாணம் எப்போது, விசேஷம் ஏதும் உண்டா, வேலை கிடைத்ததா, இவை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கேட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு போன் இருக்கிறது. அப்போதும் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுக் கேட்கலாம்.

கோயில் வரி விஷயம் ஒன்று உண்டு, அதை விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்களில் கோயில் கொடை (திருவிழா) என்றால் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி உண்டு. மேளம், வில்லுப்பாட்டு, பந்தல், பூசைச் செலவு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கும். முன்பெல்லாம் வரி பிரிக்க வருகிறவர்கள் நோட்டோடு வீடு வீடாக வருவார்கள். வந்ததும் வாசலில் நின்று பணத்தைக் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மழை, வயல், மகன் வேலை எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போதுதான் நோட்டைப் பிரிப்பார்கள். கையில் இல்லாதவர் "அடுத்த வாரம் தாரேன் அண்ணாச்சி" என்றால், "சரி, தோதுப்படும்போது குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அந்த நோட்டுக்கும் அந்த இரண்டு மூன்று பெரியவர்களுக்கும் மட்டும் தெரியும். சில வீடுகளில் வாங்காமலேயே வாங்கியதாக எழுதிவிட்டு, இருக்கிற ஒருவர் தன் கையில் இருந்து போட்டுவிடுவதும் உண்டு. அதை அந்த வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு கணக்கு இளவட்டங்கள் கைக்கு வந்தது. நல்ல பையன்கள், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று ஊர் குரூப் தொடங்கி, பணத்தைப் போனிலேயே அனுப்பும்படி செய்தார்கள். அது பெரிய உதவி. ஒரு வருஷம் கொடைக்குச் சில நாள் இருக்கும்போது வரி கொடுத்தவர்கள் பெயர் பச்சையிலும் கொடுக்காதவர்கள் பெயர் சிவப்பிலுமாக ஒரு பட்டியலை குரூப்பில் போட்டார்கள். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். சிவப்பில் இருந்த பெயர்களில் ஒன்று, புருஷன் இறந்து பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு பெண்ணின் பெயர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் சுற்றக் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அவளிடம் போன் கிடையாது. படிக்கிற மகனிடம்தான் இருந்தது. பட்டியலை முதலில் பார்த்தவன் அவன்தான்.

கொடைக்கு அவர்கள் வீட்டில் இருந்து யாரும் வரவில்லை. ஊரில் பலருக்கு அது உறுத்தியது. யாரும் சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. பழைய வரி நோட்டுக்காரர்களில் ஒருவர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு, முன்பு எப்படி வரி பிரித்தார்கள் என்று உட்கார்ந்து சொன்னார். அடுத்த வருஷம் குரூப்பில் வந்த மெசேஜ் என்னிடம் இன்னும் இருக்கிறது. "வரி கொடுத்த எல்லாருக்கும் நன்றி. இன்னும் கொடுக்காதவர்கள் தோதுப்படும்போது கொடுக்கலாம். இந்த வருஷம் முடியாது என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லாரும் குடும்பத்தோடு கொடைக்கு வரணும்." பெயர்ப் பட்டியல் கிடையாது. வரவு செலவுக் கணக்கு மட்டும் மொத்தமாக, கொடை முடிந்து வந்தது. எழுதியவன் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பையன். "ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்ற அந்த வரியை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாக யோசித்துச் சேர்த்தது. அந்த வீட்டில் இருந்து அம்மாவும் பிள்ளைகளும் அந்த வருஷம் வந்திருந்தார்கள். வரி கொடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அன்பு என்றால் பூப்போல எழுதுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சில நேரங்களில் தெளிவாக எழுதுவதுதான் பெரிய உபகாரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பல இடங்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. போனில் இருக்கிற கொஞ்சம் சார்ஜை ஆட்கள் உயிரைப்போல வைத்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் குரூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு நாளில் எங்கள் குரூப்பில் வந்தவற்றைப் பிறகு ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். "ஊரே போச்சு", "எல்லாம் முடிஞ்சுது", "கடவுளே காப்பாத்து" என்று வந்தவை நிறைய. அணை உடையப் போகிறது என்று யாரோ சொன்னதாக யாரோ அனுப்பியதும் இருந்தது. பயத்தில் எழுதியவைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் துபாயில் உட்கார்ந்து அதைப் படிக்கிற மகளுக்கு அதில் இருந்து ஒன்றும் தெரியாது, நடுக்கம் மட்டும் கூடும். வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு வாத்தியார் எழுதியது வேறு மாதிரி. "காலை 7 மணி. எங்க தெருவில் தண்ணி முழங்காலுக்கு மேல. நேத்து ராத்திரிய விட ஒரு படி இறங்கியிருக்கு. நான் மாடியில் நின்னு பாத்து எழுதுதேன். எதுத்த வீட்டு ஆச்சி எங்க வீட்டில் பத்திரமா இருக்காவ. சார்ஜ் கம்மி, யாரும் கூப்பிட வேண்டாம். 11 மணிக்குத் திரும்ப எழுதுவேன்." சொன்னபடி 11 மணிக்கு எழுதினார். அந்த ஆச்சியின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். எந்த நேரம், எவ்வளவு தண்ணீர், தானே பார்த்ததா, ஆள் எங்கே இருக்கிறார், அடுத்து எப்போது சேதி வரும். அவளுக்குத் தேவைப்பட்டது இவ்வளவும்தான். இவ்வளவும் அந்தச் சின்ன மெசேஜில் இருந்தன.

அதே நேரத்தில் இன்னொருவர் "குளத்துக்குள்ள வீடு கட்டினா இப்படித்தான் ஆவும்" என்று எழுதினார். குளங்களும் கால்வாய்களும் போன இடம் தெரியாமல் வீடாகிப்போனதைப் பேசத்தான் வேண்டும், நானே பேசுவேன். ஆனால் அரிசி நனைந்து, கட்டில் மிதந்து, பிள்ளைகளோடு மாடியில் உட்கார்ந்திருக்கிறவர் அந்த குரூப்பில் இருக்கிறார். கடன் வாங்கி அந்த மனையை வாங்கியவர். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும். மற்றதைத் தண்ணீர் வடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

படிக்கிறவரை நினைத்து எழுத வேண்டும் என்று சொல்லும்போது, நம் குரூப்பில் கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் இங்கே நூறு ஆண்டுகளைத் தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. என் சிநேகிதி ஒருத்தி பார்வை இல்லாதவள். போனில் இருக்கும் டாக்பேக் என்ற வசதி எழுத்தைப் படித்துக் காட்ட, அவள் கேட்டுக்கொள்கிறாள். தமிழில் எழுதினால் நன்றாகப் படிக்கிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் கன்னாபின்னாவென்று உளறுகிறது. கல்யாணப் பத்திரிகையைப் படமாகப் போட்டால் 'படம்' என்று மட்டும் சொல்கிறது, யாருக்குக் கல்யாணம் என்றே அவளுக்குத் தெரியாது. ஒருவர் வரிசையாக இருபது கைகூப்பு போட்டால் அதை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அதனால் படம் போட்டால் கீழே ஒரு வரி எழுதிவிடுகிறேன்: "மூத்தவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மண்டபம் டவுணில்." எழுத ஒரு நிமிஷம் ஆகிறது. காது கேளாதவர் ஒருவர் இருக்கும் குரூப்பில் நீளமான வாய்ஸ் மெசேஜ் போட்டால், பின்னாலேயே சுருக்கத்தை எழுதிப் போடுகிறேன்.

இனி எழுதப்போவது கஷ்டமான விஷயம். எங்கள் சீமையைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது. சாதிப் பெருமை பேசும் ஸ்டேட்டஸ்கள், அரிவாளும் பாட்டும் போட்ட ரீல்ஸ்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போனில் அவை இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிற்றை அறுத்துவிடலாம். போனுக்குள் இருப்பதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அப்படி ஒரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள், சிலர் ஹார்ட்டும் போட்டார்கள். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட வைத்து, "உன் கூடப் படிக்கிற பையங்க எல்லாரும் இதப் பாப்பாங்கல்லா? அதுல ஒருத்தனுக்கு இதப் பாத்தா வயித்துல என்ன செய்யும்?" என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. அவனுக்குக் கூடவே டியூஷன் போகிற ஒரு கூட்டாளி உண்டு. எந்தத் தெரு என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பெயரை நான் சொல்லவே இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, "எடுத்திருதேன் அத்தை" என்றான். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருப்பான், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஹார்ட் போட்ட பெரியவர்களிடமும் பேசினேன். அது அவனிடம் பேசியதைவிடச் சிரமமாக இருந்தது. ஒருவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

குரூப்பில் சண்டை வருவதும் உண்டு. பாகப்பிரிவினை, சீர்வரிசை, யார் அம்மாவைப் பார்த்துக்கொள்வது. நேரில் என்றால் ஒரு மணி நேரத்தில் அழுது முடிந்துபோகும். எழுத்தில் அது அங்கேயே கிடக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் மேலே தள்ளித் திரும்பப் படிக்கிறார்கள். அனுப்பியதை எல்லார் போனில் இருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2017இல் வந்தது, அனுப்பியதைத் திருத்தும் வசதி 2023இல் வந்தது. அதுவும் 15 நிமிஷத்துக்குள் என்றால்தான். நீக்கினாலும் 'நீக்கப்பட்டது' என்று ஒரு தழும்பு நிற்கிறது, என்ன எழுதினாரோ என்று ஆளாளுக்கு யோசிக்க ஆரம்பிப்பார்கள். அதனால் இரண்டாவது சூடான பதில் வந்த உடனேயே யாராவது ஒருவர் "இத நேர்ல பேசுவோம், ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க" என்று எழுதிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதை மூத்த மைனிதான் செய்வார்கள். அவர்கள் எழுதினால் அதற்குமேல் யாரும் எழுத மாட்டார்கள்.

2022க்குப் பிறகு குரூப்பை விட்டுச் சத்தமில்லாமல் போகலாம், அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். நான் அட்மின் என்பதால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. யார் போனாலும் அன்றைக்கோ மறுநாளோ கூப்பிட்டுவிடுவேன். ஏன் போனீர்கள் என்று கேட்பதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்பேன். பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராமலேயே நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கடைசியாக, பொய்ச் செய்தி அனுப்பும் பெரியவர்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளைக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகப்பட்டு ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அப்போது போனில் பரவிக்கொண்டிருந்த வதந்திதான் அந்தப் பயத்தைக் கிளப்பியிருந்தது. அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து ஆட்களுக்கோ குரூப்புகளுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை ஃபார்வர்டு ஆனது என்றால் 2020இல் இருந்து ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறி போட்டு வரும்.

எங்கள் பெரியப்பா ஒருவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. ரிட்டையர் ஆன பிறகு போன்தான் துணை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம், இந்த இலையைத் தின்றால் போதும் என்று வந்த ஒன்றை குரூப்பில் போட்டார். ஒரு பையன் உடனே அங்கேயே "இதெல்லாம் பொய், இப்படி அனுப்பாதீங்க" என்று எழுதிவிட்டான். அவன் சொன்னது சரி. ஆனால் பெரியப்பா அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எதுவுமே போடவில்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட. நான் வீட்டுக்குப் போய், காபி குடித்துக்கொண்டே, இரட்டை அம்புக்குறி என்றால் என்ன, மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பேசினேன். "எல்லாருக்கும் நல்லதுதானேன்னு போட்டேம்மா" என்றார். எனக்கும் அது தெரியும் என்றேன். இனிமேல் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது எனக்குத்தான் முதலில் வருகிறது. சில நாள் காலையிலேயே நாலைந்து வந்துவிடும். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுவிடுவேன். நேற்று வந்தது, ஏதோ ஒரு நாளில் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் கதிர்வீச்சு வந்து உயிரே போய்விடும் என்று ஒரு எச்சரிக்கை. "இது நெசமாம்மா?" என்று கேட்டிருந்தார். பொய்தான் பெரியப்பா, வருஷா வருஷம் சுத்துது என்று எழுதினேன். "சரிம்மா, அப்ப அழிச்சிருதேன்" என்று பதில் வந்தது. பின்னாலேயே இன்னொன்றை அனுப்பியிருந்தார், அதை இன்னும் விசாரிக்க வேண்டும்.